நான்கு லேப், ஒரே இயந்திரம்: இணைந்த ஆய்வகங்களில் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் கற்பிப்பது பற்றிய கேள்வி-பதில்

மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், கன்ட்ரோல் ஆகிய நான்கு லேபுகளும் சேர்ந்து ஒரு செமஸ்டருக்குள் ஒரே இயந்திரத்தைக் கட்டுகிற சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் (பாகங்களைச் சேர்த்து முழு அமைப்பாக ஓடவைக்கும் துறை) பாடத்தை நடத்த இருப்பவர்களுக்கான பக்கம் இது. பதில்கள் முழுக்க ஒரே உதாரணம்தான் வரும்: பெல்ட்டில் வருகிற சிறு கட்டைகளைக் கேமரா பார்த்து, சிவப்பு எது நீலம் எது என்று சொல்ல, ஒரு கை அவற்றை வெவ்வேறு தொட்டிகளில் தள்ளிவிடும் கன்வேயர்.

"இணைந்த ஆய்வகம்" என்றால் லேபுகளுக்கு நடுவே நெட்வொர்க் கேபிள் போடுவதா?

கேபிளும் போடத்தான் வேண்டும், ஆனால் அது சின்ன வேலை. ஒரு லேபில் செய்த பொருள் இன்னொரு லேபின் பொருளோடு சேர்ந்து ஓடினால்தான் மதிப்பெண் என்று வைக்கிறோமே, அதுதான் இணைப்பு. வழக்கமான லேபில் மாணவருக்கு உள்ளீட்டைக் கொடுப்பது சிக்னல் ஜெனரேட்டர். அது பொய் சொல்லாது, தாமதிக்காது, யூனிட்டை மாற்றாது. இங்கே அந்த இடத்தில் பக்கத்து லேபின் குழு இருக்கிறது. பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒவ்வொரு லேபும் தன் பாகத்தை ஒழுங்காகச் செய்தால் மொத்தமும் ஓடிவிடாதா?

ஓடாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் 40 வினாடிக்குள் முடிந்துபோனது. ஏரியான் 4-இல் நன்றாக ஓடிய வழிகாட்டி மென்பொருளை அப்படியே எடுத்துப் பொருத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் அதிகம். 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்கவில்லை.

1999-இல் தொலைந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் கதை இன்னும் கூர்மையானது. தரைநிலைய மென்பொருள் ஒன்று உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-வினாடியில் கொடுத்தது; வாங்கிக்கொண்ட பக்கம் அதை நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. நியூட்டன்-வினாடியில்தான் கொடுக்க வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில், அதாவது இரண்டு பாகங்கள் எதை எப்படிப் பரிமாறிக்கொள்ளும் என்று சொல்லும் தாளில், எழுதியே இருந்தது என்பதை வகுப்பில் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆவணம் எழுதுவது பாதி வேலை. இரண்டு பக்கமும் அதன்படி நடக்கின்றனவா என்று மாட்டிப் பார்ப்பதே மீதி.

எந்தத் திட்டத்தை எடுப்பது?

குறைந்தது மூன்று துறை தேவைப்பட வேண்டும், ஏதாவது அசைய வேண்டும், தவறினால் யாருக்கும் அடிபடக் கூடாது, ஒரு முறை ஓட்டிப் பார்க்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. கடைசி நிபந்தனையைப் பலர் மறக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி மட்டக் கட்டுப்பாடு நல்ல பாடம்தான், ஆனால் தொட்டி நிரம்பக் காத்திருப்பதிலேயே லேப் நேரம் போய்விடும். டிரோன் ஒரு முறை விழுந்தால் இரண்டு வாரம் போச்சு. 10 செ.மீ. கனசதுர கியூப்சாட் 1999-இல் மாணவர்களுக்காகவே உருவான வடிவம். ஆனால் ஒரு செமஸ்டரில் மேசைமேல் வைக்கிற மாதிரியைத்தான் முடிக்க முடியும். கன்வேயர் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். சாதாரணமாக இருப்பதுதான் அதன் சிறப்பு. மாணவரின் கவனம் பாகத்தில் சிக்கிக்கொள்ளாமல் பாகங்களுக்கு நடுவே போகும்.

ஒரு லைனுக்கு என்னென்ன சாமான்?

1 மீட்டர் நீளம், 100 மி.மீ. அகலப் பெல்ட், 40 மி.மீ. விட்டத்தில் இரண்டு ரோலர். 12 வோல்ட் கியர் மோட்டார், அதற்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட். ரோலர் எவ்வளவு சுற்றியது என்று எண்ண, சுற்றுக்கு 600 பல்ஸ் தரும் என்கோடர். கட்டை குறுக்கே வந்து ஒளி மறைவதை உணரும் அகச்சிவப்பு ஒளிக்கதவு ஒன்று. வெப்கேமும் அதைச் சுற்றி ஒளி புகாத மூடியும், உள்ளே ஒரு எல்இடி பட்டையும். தள்ளும் கைக்கு ஒரு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்), ஒரு உதிரி. மைக்ரோகன்ட்ரோலர் போர்டு மூன்று. கேமராவுக்கு ஒரு சிறிய கம்ப்யூட்டர், அதைப் பஸ்ஸில், அதாவது எல்லா போர்டும் செய்தி பரிமாறும் பொதுவான இரட்டை வயரில் (இங்கே கேன், CAN, வகை), சேர்க்க யுஎஸ்பி-கேன் அடாப்டர். போர்டுகளுக்குத் தலா ஒரு கேன் மாட்யூல். கட்டைகள் 40 மி.மீ. கனசதுரம், சிவப்பு 30, நீலம் 30.

எமர்ஜென்சி ஸ்டாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். அழுத்தினால் மோட்டாரின் 12 வோல்ட் லைன் நேரடியாக அறுபட வேண்டும். சாதாரண நிலையில் மூடியிருக்கும் கான்டாக்டை எடுத்தால் வயர் கழன்றாலும் மோட்டார் நிற்கும். "நிறுத்து" என்று பஸ்ஸில் செய்தி அனுப்புவது எமர்ஜென்சி ஸ்டாப் ஆகாது. அந்தச் செய்தியைப் படிக்க வேண்டிய போர்டே தொங்கிப்போயிருக்கலாம்.

என்கோடரை மோட்டார் பக்க ரோலரில் மாட்டாதீர்கள். பெல்ட் வழுக்கும்போது அந்த ரோலர் சுற்றிக்கொண்டே இருக்கும், பெல்ட் நகர்ந்திருக்காது. மறுமுனையில் பெல்ட்டால் சுழலும் ரோலரே சரியான இடம்.

குழுவை எப்படிப் பிரிப்பது?

லேபுக்கு 4 பேர், ஒருங்கிணைப்புக்கு 2 பேர் என்று ஒரு லைனுக்கு 18 பேர் சரியாக வரும். ஒருங்கிணைப்பாளர்கள் எந்தப் பாகத்தையும் செய்யக் கூடாது. அவர்கள் கையில் இருப்பது இடைமுக ஆவணம், பஸ்ஸில் போகிற எல்லாவற்றையும் பதிவுசெய்யும் மூன்றாவது போர்டு, தவறுப் பட்டியல், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நன்றாகப் படிக்கிற இருவர் நிரந்தர மேஸ்திரி ஆகிவிடுவார்கள், மற்ற 16 பேரும் பழையபடி தங்கள் லேப் வேலையை மட்டும் பார்ப்பார்கள்.

15 வாரத்தை எப்படிப் பங்கிடுவது?

முதல் இரண்டு வாரம் தேவைகள். மூன்றாம் வாரம் இடைமுக ஆவணத்தின் முதல் பதிப்பு. நான்காம் வாரமே ஒருங்கிணைப்பு. ஆமாம், பாகம் எதுவும் தயாராவதற்கு முன்பே. எல்லா போர்டும் பஸ்ஸில் ஏறி, பொய்த் தரவை ஒன்றுக்கொன்று அனுப்ப வேண்டும். கேமரா போர்டு கேமரா இல்லாமலே "சிவப்பு, நீலம், சிவப்பு" என்று சொல்லட்டும். கன்ட்ரோல் போர்டு சர்வோவுக்குப் பதில் ஒரு எல்இடியை எரியவிடட்டும். பிறகு ஒவ்வொரு பொய்யையும் நிஜத்தால் மாற்றுவதுதான் 5 முதல் 9 வரையான வாரங்களின் வேலை. 10-ஆம் வாரம் ஆசிரியர் ஒரு மாற்றக் கோரிக்கையைத் தூக்கிப்போட வேண்டும். 11, 12 சோதனை, 13-இல் பாகப் பரிமாற்றம், 14-இல் வெளியாள் ஒருவர் ஓட்டிப் பார்ப்பது, 15-இல் மறுபார்வை.

"எல்லாரும் முடித்த பிறகு 12-ஆம் வாரம் சேர்ப்போம்" என்ற திட்டத்தில் சேர்ப்பது நடக்கவே நடக்காது.

இடைமுக ஆவணத்தில் எவ்வளவு விவரம் வேண்டும்?

எழுதியவர் பக்கத்தில் இல்லாமலே இன்னொருவர் மறுபக்கத்தைச் செய்துவிட முடிகிற அளவு. ஒரு செய்திக்கு எப்படி என்று பாருங்கள்.

செய்தி எண் 288, "கட்டை வந்தது". அனுப்புவது எலக்ட்ரானிக்ஸ் போர்டு. கேட்பது கேமரா கம்ப்யூட்டரும் கன்ட்ரோல் போர்டும். பைட் 0: கட்டையின் வரிசை எண், 0 முதல் 255, பிறகு மறுபடி 0. பைட் 1 முதல் 4: ஒளிக்கதவு மறைந்த கணத்தில் என்கோடர் எண்ணிக்கை, குறி இல்லாத 32 பிட், சிறிய பைட் முதலில். எப்போது: கதவு மறைந்து 10 மில்லிவினாடிக்குள். இதற்கு இணையாகச் செய்தி எண் 304, "நிறம் தெரிந்தது": வரிசை எண், நிறம், 1 சிவப்பு, 2 நீலம், 0 தெரியவில்லை. 288 வந்து 400 மில்லிவினாடிக்குள் 304 வராவிட்டால் கட்டை தள்ளப்படாமல் கடைசித் தொட்டிக்குப் போகும்.

கடைசி வாக்கியத்தை எழுதாத குழுக்களே அதிகம். செய்தி வந்தால் என்ன செய்வது என்று எல்லாரும் எழுதுவார்கள். வராவிட்டால் என்ன என்பதுதான் கேள்வி.

மெக்கானிக்கல் லேபுக்கு பஸ்ஸில் போர்டு இல்லை. அதனால் அவர்களுக்கு இடைமுகம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். என்கோடர் தண்டின் விட்டம், கேமரா தாங்கியின் துளை இடைவெளி, ஒளிக்கதவிலிருந்து தள்ளும் கை வரை 300 மி.மீ., அதில் அனுமதிக்கும் பிழை 1 மி.மீ. என எல்லாமே அந்த ஆவணத்தில் வர வேண்டும்.

நேரத்தை அனுப்பாமல் என்கோடர் எண்ணிக்கையை அனுப்புவது ஏன்?

முதல் பதிப்பில் ஏறக்குறைய எல்லாக் குழுவும் நேரத்தைத்தான் எழுதும். "கேமரா சிவப்பு என்று சொன்ன 1.5 வினாடி கழித்துத் தள்ளு." பெல்ட் வேகம் வினாடிக்கு 0.2 மீட்டர், தூரம் 300 மி.மீ., கணக்கு சரி. ஓட்டினால் கை கட்டைக்குப் பின்னால் காற்றைத் தள்ளும்.

காரணம் கேமராவில் இருக்கிறது. வினாடிக்கு 30 படம் எடுக்கிற வெப்கேமின் படங்கள் கேமரா டிரைவர் மென்பொருளின் வரிசையில் சேர்கின்றன. நிரல் மெதுவாகப் படித்தால் கையில் கிடைப்பது பழைய படம். ஐந்து படம் பின்தங்கினால் 167 மில்லிவினாடி. அதற்குள் பெல்ட் 33 மி.மீ. நகர்ந்துவிடும். கட்டையே 40 மி.மீ.தான். தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தாலாவது கழித்துவிடலாம். அது கம்ப்யூட்டரின் சுமைக்கேற்ப மாறும். இதோடு இரண்டு கம்ப்யூட்டர்களின் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கேமரா குழு நிரலை வேகமாக்கப் போராடும். ஒரு வாரம் போராட விடுங்கள், பிறகு கேள்வியை மாற்றுங்கள்: கட்டை எங்கே இருக்கிறது என்று சொல்வது கேமராவின் வேலையா? ஒளிக்கதவு மறைந்ததும் இன்டரப்ட்டில் (மற்ற வேலையை நிறுத்தி உடனே ஓடும் நிரலில்) என்கோடர் எண்ணிக்கையைப் பிடித்துவைப்பது எலக்ட்ரானிக்ஸ் போர்டுக்குச் சில மைக்ரோவினாடி வேலை. கேமரா நிறத்தை மட்டும் சொன்னால் போதும், 300 மில்லிவினாடி தாமதித்தாலும் பரவாயில்லை. பொறுப்பை ஒரு லேபிலிருந்து இன்னொரு லேபுக்கு நகர்த்தினோம், செலவு ஒரு ஒளிக்கதவு. இந்தப் பாடத்தில் மாணவர் கற்க வேண்டிய ஒரே ஒரு அசைவைக் காட்டு என்றால் இதைத்தான் காட்டலாம்.

ரோலரின் சுற்றளவு 125.7 மி.மீ., 600 பல்ஸ். ஒரு பல்ஸுக்கு 0.21 மி.மீ. 300 மி.மீ. என்பது 1432 பல்ஸ். கதவு மறைந்தபோது இருந்த எண்ணிக்கையுடன் 1432 சேர்ந்ததும் தள்ளு. எண்ணிக்கை 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்தால் பிழை 2 மி.மீ.தான். பெல்ட் வேகம் மாறினாலும், நடுவில் நின்று மறுபடி ஓடினாலும் கணக்கு தவறாது.

இதிலும் ஒரு குழி உண்டு. கேமரா தானே கட்டைகளை எண்ணி வரிசை எண் போட்டால், ஒரே ஒரு கட்டையைத் தவறவிட்டதும் அதற்குப் பின்னால் வருகிற எல்லாமே ஒன்று தள்ளித் தப்பாகும். எண்ணுவது ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும். 288-இல் வந்த எண்ணையே கேமரா திருப்பிச் சொல்லட்டும்.

முதல் நிமிடம் நன்றாக ஓடி, பிறகு எல்லாம் குழம்புகிறது. ஏன்?

எண்ணிக்கையை யாரோ 16 பிட்டில் வைத்திருக்கிறார்கள். 65,536 பல்ஸ் என்பது 13.7 மீட்டர் பெல்ட், வினாடிக்கு 0.2 மீட்டரில் 68 வினாடியில் மறுபடி பூஜ்யம். ஏரியான் கதையைப் படித்துத் தேர்வும் எழுதிய அதே மாணவர்தான் இதைச் செய்வார். ஆவணத்தில் 32 பிட் என்று இருந்தாலும் ஏதாவது ஒரு போர்டின் நிரலில் சாதாரண முழு எண்ணாக வாங்கியிருப்பார்கள். 8 பிட் மைக்ரோகன்ட்ரோலர்களில் அது 16 பிட்தான், குறியும் சேர்ந்ததால் 34 வினாடியிலேயே எதிர்மறையாகிவிடும். 32 பிட்டில் இதே பெல்ட் 52 நாள் நிற்காமல் ஓடினால்தான் சுற்றும். அரை நிமிட டெமோவில் இந்தத் தவறு வெளியே வராது; அதனால்தான் சோதனை ஐந்து நிமிடம் ஓட வேண்டும் என்கிறோம்.

தனித்தனியாகப் பேசுகிற போர்டுகள், சேர்த்தால் பேசவில்லை. எங்கிருந்து பார்ப்பது?

இந்த வரிசையில் பாருங்கள். நிரலைக் கடைசியாகத் தொடுங்கள்.

1. பவரை அணைத்துவிட்டு, பஸ்ஸின் இரண்டு வயருக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் 120 ஓம் ரெசிஸ்டர் இல்லை. 30 வந்தால் மூன்று மாட்யூல், அடாப்டர் என நான்கிலும் அந்த ரெசிஸ்டரைச் சேர்க்கும் ஜம்பர் போட்டிருக்கிறது. இரண்டு கோடியில் மட்டும் விட்டு மற்றதைக் கழற்றுங்கள்.

2. பவர் கொடுத்து, செய்தி எதுவும் போகாத நேரத்தில் இரண்டு வயரும் கிரவுண்டுக்கு ஏறக்குறைய 2.5 வோல்ட் காட்டுகின்றனவா? இல்லாவிட்டால் ஏதோ ஒரு மாட்யூலுக்கு 5 வோல்ட் வரவில்லை, அல்லது கிரவுண்டு பொதுவாக இல்லை.

3. பஸ்ஸில் ஒரே ஒரு போர்டு இருக்கிறதா? கேனில் ஒவ்வொரு செய்தியையும் வேறொருவர் ஏற்றுக்கொண்டதாகக் காட்ட வேண்டும். தனியாக அனுப்பினால் அது பிழை என்றே எடுத்துக்கொள்ளப்பட்டு, அதே செய்தி திரும்பத் திரும்பப் போகும். போர்டு கெட்டுவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள்.

4. எம்சிபி2515 சிப் வைத்த கேன் மாட்யூலின்மேல் உள்ள கடிகாரக் கிரிஸ்டலில் என்ன எழுதியிருக்கிறது? பல மாட்யூல்களில் 8 மெகாஹெர்ட்ஸ் இருக்கும். நிரலில் 16 என்று போட்டிருந்தால் பஸ் வேகம் பாதியாகிவிடும். ஒரே லேபில் இரண்டு போர்டுக்கும் அதே தவறான நிரலை ஏற்றியிருந்தால் அவை அழகாகப் பேசிக்கொள்ளும்! லேப் சோதனை தேர்ச்சி. பக்கத்து லேபின் போர்டு வந்து சேரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

வேகம் 125 கிலோபிட் போதும். மேசைமேல் நடக்கிற இந்த வேலைக்கு 1 மெகாபிட் வைப்பதில் பெருமை தவிர வேறு லாபமில்லை.

மோட்டார் ஓடத் தொடங்கும்போது போர்டு ரீசெட் ஆகிறதே?

நின்றுகொண்டிருக்கும் டிசி மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரன்ட்டைப்போல 5 முதல் 10 மடங்கு இழுக்கும். அதே சப்ளையில் போர்டும் இருந்தால் வோல்டேஜ் சரிந்து ரீசெட். போர்டுகளுக்குத் தனி 5 வோல்ட் கன்வர்ட்டர், கிரவுண்டுகள் எல்லாம் சப்ளையின் ஒரே புள்ளியில் சேர்வது, டிரைவருக்குப் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வேகத்தை அரை வினாடியில் படிப்படியாக ஏற்றுவது. இவ்வளவும் சேர்ந்தால் போய்விடும். சர்வோவைப் போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து ஓட்டாதீர்கள். தனித்தனி லேபில் ஆளுக்கொரு பெஞ்ச் சப்ளை இருந்ததால்தான் இது அங்கே தெரியவில்லை. ஆகவே கரன்ட்டும் ஒரு இடைமுகம்தான்: யார் எவ்வளவு இழுப்பார், உச்சத்தில் எவ்வளவு என்ற பட்டியல் ஆவணத்தில் வேண்டும்.

எத்தனை கட்டை சரியாகப் பிரிந்தால் போதும்?

"துல்லியமாகப் பிரிக்க வேண்டும்" என்ற தேவையைச் சோதிக்க வழியில்லை. "200 மி.மீ. இடைவெளியில், வினாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில், 99 விழுக்காடு சரியாக" என்றால் சோதிக்கலாம். அதற்கு 10 கட்டை ஓட்டிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. 95 விழுக்காடு நம்பிக்கையோடு 99 விழுக்காடு என்று சொல்ல, ஒரு தவறும் இல்லாமல் ஏறக்குறைய 300 கட்டை போக வேண்டும். நடுவில் ஒன்று தப்பினால் 473 வரை ஓட்ட வேண்டும், வேறு தவறு வராமல். வினாடிக்கு ஒரு கட்டை. 300-க்கு ஐந்து நிமிடம். 60 கட்டைதான் இருக்கிறது என்பதால் தொட்டியிலிருந்து எடுத்துத் திரும்பப் போட ஒருவர் வேண்டும்.

வெரிஃபிகேஷன், வேலிடேஷன் இரண்டையும் மாணவர் குழப்பிக்கொள்கிறார்கள்.

எழுதியபடி செய்தோமா என்பது முதலாவது. எழுதியதே சரியா என்பது இரண்டாவது. 300 கட்டையும் தேறிய இயந்திரத்தை, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் 14-ஆம் வாரம் கொடுங்கள். அவர் கட்டையைக் கோணலாக வைப்பார், இரண்டை ஒட்டி வைப்பார், கேமரா மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். ஒட்டிவந்த இரண்டு கட்டை ஒளிக்கதவுக்கு ஒரே கட்டை. தேவைப் பட்டியலில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. வித்தியாசம் அன்றைக்குப் புரியும்.

மாற்றக் கோரிக்கையாக எதைக் கொடுக்கலாம்?

"மூன்றாவது நிறம்" நல்ல தேர்வு; கேமரா, தள்ளும் கை, தொட்டி, ஆவணம் எல்லாவற்றையும் தொடும். நிரல் எழுதுவதற்கு முன்னால், எந்தெந்தப் பக்கம் மாறும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். "வேகத்தை 0.3 மீட்டராக்கு" என்பதும் கொடுக்கலாம். எண்ணிக்கையில் ஆவணம் எழுதிய குழு 400 மில்லிவினாடி வரம்பை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அரை மணியில் முடிக்கும். நேரத்தில் எழுதிய குழு வாரம் முழுக்க உட்கார்ந்திருக்கும்.

லேபுகள் வேறு கட்டடத்தில், அல்லது வேறு பல்கலைக்கழகத்தில் இருந்தால்?

அளந்து உடனுக்குடன் திருத்த வேண்டிய எந்தக் கட்டுப்பாட்டையும் இணையத்தின் வழியே அனுப்பாதீர்கள். மோட்டார் வேகம், தள்ளும் கை இரண்டும் லைன் இருக்கும் இடத்திலேயே. தொலைவுக்குப் போகலாம் என்பவை: தொடங்கு-நிறுத்து கட்டளை, அளவுகள், பதிவு. சிறு செய்திகளை நடுவில் ஒரு சர்வர் (புரோக்கர்) வழியாகப் பரிமாறும் எம்க்யூடிடி (MQTT) முறை இதற்குப் பொருந்தும். வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பை வளாக ஃபயர்வால் தடுக்கும். ஆகவே இரு பக்கமும் நடுவில் உள்ள புரோக்கருக்கு வெளியே அழைக்கட்டும், என்கிரிப்ஷனோடு 8883 போர்ட்டில். இணைப்பு அறுந்தால் புரோக்கர் தானாக வெளியிடும் கடைசிச் செய்தியை ஒவ்வொரு சாதனமும் முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போன லைனின் பழைய அளவுகளைத் திரையில் பார்த்துக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்திருக்கும். பயனர் பெயர் கேட்கிற வளாக வைஃபையில் சிறிய போர்டுகள் சேர மறுப்பது வழக்கம். நெட்வொர்க் பிரிவிடம் தனி விலான் (VLAN, வளாக நெட்வொர்க்கில் பிரித்து வைத்த பகுதி) கேட்டு முதல் வாரமே எழுதிக் கொடுங்கள், அனுமதி வர நாளாகும்.

சிஸ்எம்எல் (SysML, அமைப்புகளைப் படமாக வரையும் மொழி) கற்றுக்கொடுக்க வேண்டுமா?

இரண்டு படம் போதும்: எந்தப் பாகம் எதோடு பேசுகிறது, செய்திகள் எந்த வரிசையில் போகின்றன. மென்பொருள் உரிமம் வாங்குவதற்கு முன் வெள்ளைப் பலகையில் வரையட்டும். படம் அழகாக இருக்கிற குழுவின் பஸ்ஸில் 30 ஓம் இருப்பது புதிதல்ல.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

இடைமுக ஆவணமும் அதன் மாற்றப் பதிவும் 30. தன் பாகச் சோதனை 20. சேர்ந்து ஓடும் இயந்திரம் 30, இது 18 பேருக்கும் ஒரே எண். தனி வைவா 20. வைவாவில் தன் லேபைப் பற்றிக் கேட்காமல் பக்கத்து லேபைப் பற்றிக் கேளுங்கள். "304 வராவிட்டால் உங்கள் போர்டு என்ன செய்யும்" என்று கன்ட்ரோல் மாணவரிடம், "நீங்கள் ஏன் எண்ணக் கூடாது" என்று கேமரா மாணவரிடம்.

30 மதிப்பெண் ஆவணத்தை அளக்க நேர்மையான வழி 13-ஆம் வாரப் பரிமாற்றம். இரண்டு லைன் இருந்தால், முதல் லைனின் கேமரா கம்ப்யூட்டரைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுங்கள். இரண்டு லைனுக்கும் ஆவணம் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு 3-ஆம் வாரமே இரு ஒருங்கிணைப்புக் குழுக்களும் ஒன்றாக உட்கார வேண்டும். நிரலில் கை வைக்காமல் ஓடினால் முழு மதிப்பெண். ஓடாவிட்டால், ஆவணத்தில் இல்லாத எந்த விஷயத்தை இரு பக்கமும் வாய்வழியாகப் பேசி முடித்திருந்தார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் விடுபட்டிருக்கும்: பைட் வரிசை, அல்லது வரிசை எண் 0-இல் தொடங்குமா 1-இல் தொடங்குமா என்பது.

செமஸ்டர் முடிந்ததும் எதைக் கலைப்பது, எதை வைப்பது?

பெல்ட்டையும் சட்டத்தையும் கலைக்காதீர்கள். நிரல்களை அடுத்த குழுவுக்குக் கொடுக்காதீர்கள். இடைமுக ஆவணத்தின் கடைசிப் பதிப்பையும் தவறுப் பட்டியலையும் கொடுங்கள், கூடவே வேண்டுமென்றே ஒரு பாகத்தையும்: போன வருஷத்து எலக்ட்ரானிக்ஸ் போர்டு, நிரல் ஏற்றியபடி, மூலநிரல் இல்லாமல். அதோடு பேசித்தான் அவர்கள் மற்றதைக் கட்ட வேண்டும்.